சட்டத்தை எங்கே படிப்பது? ஒரு டைப்பிங் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனு அடிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் கிளம்பும்போது, "அந்தச் சட்டத்தையும் ஒரு பிரிண்ட் போட்டுத் தாங்க" என்பார்கள். கூடவே சந்தேகங்களும் வரும். கேட்டதே திரும்பத் திரும்ப வந்ததால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். உங்கள் வழக்கில் என்ன செய்வது என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். சட்டத்தின் வாசகத்தை எங்கே, எப்படிப் பார்ப்பது என்பது மட்டும்தான் இங்கே.

அண்ணாச்சி, ஒரு சட்டத்த முழுசா எங்கன பாக்கலாம்? துட்டு கட்டணுமோ?

துட்டு வேண்டாம். 'இந்தியா கோட்' என்று ஓர் அரசுத் தளம் இருக்கிறது. ஒன்றிய அரசின் சட்ட அமைச்சகம் நடத்துவது. மத்தியச் சட்டங்கள் அங்கே இருக்கின்றன. மாநிலச் சட்டங்களுக்குத் தனிப் பகுதி உண்டு, அதில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவாகத் திறந்தும் படிக்கலாம், முழுச் சட்டத்தையும் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

சிக்கல் பெயரில்தான். அங்கே ஆங்கிலப் பெயரை அடித்துத் தேட வேண்டும். நம் வாயில் புழங்கும் பெயர் சில சமயம் வேறு சட்டத்தில் கொண்டு விட்டுவிடும். ஊரில் எல்லோரும் 'பிசிஆர் கேஸ்' என்பார்கள். அந்தப் பெயரில் தேடினால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வரும். இன்று பெரும்பாலும் வழக்குப் போடுவதோ 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில். எஃப்ஐஆர் நகலோ நோட்டீஸோ கையில் இருந்தால், அதில் சட்டத்தின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள்.

கூகுள்ல தேடுனா பத்து எடத்துல வருது. எத நம்புறது?

நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் இந்தியா கோட். அதில் சந்தேகம் வந்தால் மத்திய அரசிதழின் இணையப் பதிப்பு. சட்டம் பிறக்கும் இடம் அரசிதழ்தான். நம்ம பக்கத்தில் கெஜட் என்றாலே பேர் மாற்றுவது என்றுதான் நினைப்பு. ஆனால் நாடாளுமன்றம் இயற்றும் ஒவ்வொரு சட்டமும் அதில்தான் வெளியாகிறது. பகுதி இரண்டு, பிரிவு ஒன்றில் சட்டங்கள் இருக்கும். பிரிவு மூன்றில் விதிகளும் அறிவிக்கைகளும். தமிழ்நாட்டுச் சட்டங்கள் தமிழ்நாடு அரசிதழில் பகுதி நான்கு, பிரிவு இரண்டில் வரும். எழுதுபொருள் அச்சுத்துறையின் தளத்தில் எடுக்கலாம்.

'இந்தியன் கானூன்' அரசுத் தளம் அல்ல. சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் 2008-இல் தொடங்கியது. தீர்ப்பு தேட அதைவிட எளிதான இலவச இடத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பிரிவைத் திறந்தால் அதைப் பேசும் தீர்ப்புகளையும் அங்கிருந்தே பிடித்துவிடலாம். சட்ட வாசகத்தை மட்டும் இந்தியா கோடுடன் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மசோதா நிலையில் இருப்பதைப் படிக்க நாடாளுமன்றத் தளமும் 'பிஆர்எஸ்' என்ற ஆய்வு அமைப்பின் தளமும் போதும். மற்றபடி, விளக்கம் இல்லாமல் சட்ட வாசகத்தை மட்டும் போட்டு விளம்பரம் மண்டிக் கிடக்கும் 'பேர் ஆக்ட்' தளங்களை நான் திறப்பதே இல்லை. எந்தத் திருத்தம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று அவற்றில் கண்டுபிடிக்க முடிவதில்லை.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாது தம்பி. தமிழ்ல கெடைக்காதா?

சிலது கிடைக்கும். அரசியலமைப்பு முழுவதும் தமிழில் இருக்கிறது. மத்தியச் சட்டங்கள் பலவற்றின் தமிழாக்கம் ஒன்றிய அரசின் சட்டமியற்றும் துறைத் தளத்தில், மாநில மொழிகள் என்ற பகுதியில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியான தமிழாக்கம் என்றால், 1973-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி அது அதிகாரபூர்வமான தமிழ் வாசகமாகவே கருதப்படும். யாரோ எழுதிப் போட்ட தமிழாக்கத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆனாலும் அரசியலமைப்பின் 348-ஆவது உறுப்பு, சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். வாசகம் தகராறுக்கு வந்தால் பக்கத்தில் ஆங்கிலம் இருக்கட்டும்.

இன்னொரு தொல்லை எழுத்துரு. பழைய தமிழ் பிடிஎஃப்கள் பல 'வானவில்' போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அதில் ஒரு சொல்லைத் தேடினால் சிக்காது, நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல் வரும். ஸ்கேன் செய்து போட்டவையும் அப்படித்தான். உங்கள் செல்லில் கோளாறு இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

302, 420 எல்லாம் மாறிட்டாமே, பொஸ்தகத்தத் தூரப் போட்டுரவா?

போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். பழைய தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள், நியாய சன்ஹிதாவில் 358. கொலைக்கான 302 இப்போது 103(1). நாலு பேர் திட்டுவதற்கே பயன்படுத்தும் 420 இப்போது 318(4). ஊரடங்குக்குச் சொல்லும் 144, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163 ஆகிவிட்டது. அதே சன்ஹிதாவில் 144-ஐத் திறந்தால் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம் இருக்கும். ஜீவனாம்ச வழக்குக்காரர் ஒருவர் மகன் அனுப்பிய தாளில் 144-ஐப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கு எதுக்குய்யா தடையுத்தரவு?" என்று பதறிப்போய்க் கடைக்கு வந்தார்.

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்திருந்தால் குற்றம் பழைய தண்டனைச் சட்டத்தின்படிதான். அதனால்தான் பழைய புத்தகத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற ஒப்பீட்டுப் பட்டியல் இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பிரிவைத் திறந்து வாசியுங்கள். சில இடங்களில் எண்ணோடு வாசகமும் மாறியிருக்கிறது.

பேருக்குக் கீழ '2005-ன் 22'னு போட்டிருக்கே, அது என்ன?

அந்த ஆண்டில் வந்த 22-ஆவது சட்டம் என்று பொருள். 2005-ன் 22 தகவல் அறியும் உரிமைச் சட்டம். பெயர் மறந்தாலும் எண்ணும் ஆண்டும் இருந்தால் சட்டத்தைப் பிடித்துவிடலாம். ஆண்டையும் சேர்த்து அடியுங்கள். பழைய தண்டனைச் சட்டம் 1860-ன் 45, புதிய நியாய சன்ஹிதா 2023-ன் 45. பெயரில் உள்ள ஆண்டும் எண்ணில் உள்ள ஆண்டும் வேறாக இருப்பதும் உண்டு. '1973' குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண் 1974-ன் 2.

சட்டம் பாஸாயிட்டுன்னு டிவில சொல்லிட்டாவ. அப்ப நாளையிலேருந்து அமலுக்கு வந்துருமா?

இதை முக்கூடலில் இருந்து வந்த ஒரு பீடி சுற்றும் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. மசோதா இரண்டு அவையிலும் நிறைவேற வேண்டும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும், அரசிதழில் வர வேண்டும். அப்புறமும் பெரும்பாலான சட்டங்களில் முதல் பிரிவிலேயே, அரசு அறிவிக்கும் நாளில் இருந்து நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருப்பார்கள். அந்த அறிவிக்கை வரும் வரை சட்டம் தாளில்தான் இருக்கும். எந்த நாள் என்று சட்டம் ஒன்றுமே சொல்லாவிட்டால், 1897-ஆம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டம் 5-ஆவது பிரிவுப்படி ஒப்புதல் கிடைத்த நாளே அமல் நாள்.

அந்த அக்காவின் தொழிலையே பாருங்கள். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கு 1966-இல் தனிச் சட்டம் வந்தது. 2020-இல் தொழில் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய தொகுப்புச் சட்டம் அதைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. 2020 செப்டம்பரிலேயே ஒப்புதல் ஆகிவிட்டது. நான்கு தொழிலாளர் தொகுப்புகளும் அமலுக்கு வந்ததோ 2025 நவம்பர் 21-இல். நடுவில் ஐந்து வருடம் பழைய சட்டம்தான் ஓடியது. அப்போது புதியதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கம்பெனியில் பேசியவர்கள் உண்டு. அதில் இரண்டு பேருக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தவன் நான்தான். முதல் பிரிவை வாசிக்கவே இல்லை.

சட்டம் அமலுக்கு வந்தும் ஓர் உட்பிரிவு மட்டும் நிற்பதும் நடக்கும். நியாய சன்ஹிதாவை 2024 ஜூலை 1 முதல் அமலாக்கிய அறிவிக்கை, 106(2)-ஐ மட்டும் விட்டுவிட்டது. வண்டியை மோதி ஆளைச் சாகடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடுகிறவர்களுக்கு பத்து வருடம் வரை தண்டனை என்கிற உட்பிரிவு. லாரி டிரைவர்கள் நாடு முழுக்க எதிர்த்தது அதைத்தான். சட்டத்தைத் திறந்தால் அந்த வாசகம் மற்றவற்றோடு சேர்ந்து கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். எனவே முதல் பிரிவையும் அதன் அடிக்குறிப்பையும் வாசிக்காமல் மற்றதற்குப் போகாதீர்கள். அமல் நாளும் அறிவிக்கை எண்ணும் பெரும்பாலும் அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

சட்டத்துல ஒரு கோடின்னு இருக்கு. வக்கீலு அம்பது லட்சம்ங்காரு. யாரு சொல்லுதது சரி?

வக்கீல் சொல்வதுதான் சரி. நுகர்வோர் வழக்கை மாவட்ட ஆணையத்தில் எவ்வளவு தொகை வரை போடலாம் என்ற கேள்வி இது. பழைய 1986 சட்டத்தில் கடைசியாக இருந்த வரம்பு 20 லட்சம். 2019 சட்டத்தின் 34-ஆவது பிரிவு அதை ஒரு கோடி ஆக்கியது. ஆனால் அதே பிரிவு, வேறு தொகையை மத்திய அரசு விதி மூலம் வகுக்கலாம் என்றும் சொல்கிறது. 2021 டிசம்பரில் வந்த விதிகள் மாவட்ட ஆணையத்துக்கு 50 லட்சம், மாநில ஆணையத்துக்கு அதற்கு மேல் இரண்டு கோடி வரை என்று வைத்தன. சட்டத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தவருக்கு இன்றைக்கும் ஒரு கோடிதான் தெரியும்.

ஒரு சட்டம் என்பது பெரும்பாலும் எலும்புக்கூடு. கட்டணம், படிவம், கெடு, வரம்பு எல்லாம் விதிகளில் கிடக்கும். சட்டத்தில் 'வகுத்துரைக்கப்பட்டவாறு' என்ற சொல்லையோ, ஆங்கிலத்தில் 'ப்ரிஸ்க்ரைப்டு' என்பதையோ பார்த்தால், விதியைத் தேடு என்று உங்களுக்குச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா கோடில் சட்டத்தின் பக்கத்திலேயே விதிகள், ஒழுங்குமுறைகள், அறிவிக்கைகள் என்று தனித்தனியாகத் திறக்கலாம். அங்கே விடுபட்டிருந்தால் அரசிதழில் தேடுங்கள்.

அரசாணையும் சட்டமும் ஒண்ணா?

இல்லை. அரசாணை என்பது நிர்வாகம் போடும் உத்தரவு. சட்டத்தை மீறி அது ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சில அரசாணைகளோடு விதியோ அறிவிக்கையோ சேர்ந்து அரசிதழிலும் வரும், அப்போது அந்த விதிக்குச் சட்டத்தின் பலம் உண்டு. தமிழ்நாட்டு அரசாணைகள் மாநில அரசின் தளத்தில் துறைவாரியாக இருக்கின்றன. எண் மட்டும் சொன்னால் கிடைக்காது. ஒரே எண் எல்லாத் துறையிலும் ஒவ்வொரு வருடமும் வரும். எண், நாள், துறை மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

எங்க கல்யாணம் ஐயர் இல்லாம மாலை மாத்தி நடந்தது. இந்து திருமணச் சட்டத்துல அப்படி ஒண்ணே இல்லங்காவளே?

இருக்கிறது. இல்லை என்று சொன்னவர் பார்த்த பிரதியில் இல்லாமல் இருக்கலாம். 1955-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் 7-ஆவது பிரிவுக்குப் பிறகு 7-ஏ என்று ஒன்றைத் தமிழ்நாடு சேர்த்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ன் 21-ஆவது மாநிலச் சட்டம் மூலம். மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்கள் அதன்படி செல்லுபடியாகும். மாநிலத் திருத்தம் சேர்க்காத பிரதியில் 7-க்கு அடுத்து நேராக 8 வரும். தில்லியில் அச்சான பல கைப்புத்தகங்களும் அப்படித்தான்.

பெண் பிள்ளைகள் பங்கிலும் இதே கதை. 2005 செப்டம்பர் 9 முதல்தான் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மத்தியத் திருத்தத்தை வைத்துச் சொல்வார்கள். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே கொடுத்துவிட்டது. அந்த நாளுக்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு மட்டும் இல்லை என்றது. இந்தப் பக்கத்துப் பாகப்பிரிவினைத் தாவாக்களில் அந்தத் தேதி அடிக்கடி வந்து நிற்கும். எனவே மத்தியச் சட்டம் எதைப் படித்தாலும், தேடும் பெட்டியில் சட்டத்தின் பெயரோடு 'தமிழ்நாடு திருத்தம்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து இன்னொரு தடவை தேடுங்கள். 1969-க்கு முந்தியது என்றால் 'மெட்ராஸ்' என்ற பெயரிலும் தேட வேண்டும். மாநிலத்தின் பெயர் மாறியதும் சட்டங்களின் பெயரும் மாறியது, ஆனால் பழைய அரசிதழும் பழைய தீர்ப்புகளும் மெட்ராஸ் என்றே சொல்லும்.

தாத்தா பத்திரம் 1950-ல எழுதுனது. அன்னைக்கு இருந்த சட்டம் வேணும். இன்னைக்கு உள்ளது வேண்டாம்.

இது கடினம். இந்தியா கோட் காட்டுவது திருத்தங்கள் சேர்ந்த இன்றைய வடிவம். சிங்கப்பூர் அரசின் சட்டத் தளத்தில் ஒரு தேதியைச் சொன்னால் அன்றைய வடிவத்தைக் காட்டும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பின்னோக்கி நடக்க வேண்டியதுதான். பிரிவின் அடிக்குறிப்பில் எந்தத் திருத்தச் சட்டம் எந்த நாளில் எதை மாற்றியது என்று இருக்கும். அந்தத் திருத்தச் சட்டத்தை எடுத்து, அது எடுத்த சொல்லைத் திரும்பப் போட்டு, சேர்த்த சொல்லை நீக்கி வாசிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தீர்ப்புகளில் பிரிவை முழுதாக எடுத்து எழுதியிருப்பார்கள், பல நேரம் அதுவே கைகொடுக்கும்.

செங்கோட்டைப் பக்கத்துப் பத்திரம் என்றால் ஒரு படி கூடுதல். அது 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி. எனவே 1950-இல் அங்கே எந்த மாநிலச் சட்டம் நடப்பில் இருந்தது என்பதே முதல் கேள்வி. இந்த வேலைக்கு என் கடையை நம்பாதீர்கள். பழைய சட்டப் புத்தகம் வைத்திருக்கும் மூத்த வக்கீலையோ நூலகத்தையோ பாருங்கள்.

சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுன பிரிவு இன்னும் சட்டத்துல கெடக்கே?

கிடக்கும். நீதிமன்றம் செல்லாது என்று சொன்னாலும், நாடாளுமன்றம் திருத்தினால்தான் வாசகம் சட்டத்தில் இருந்து போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் ரத்து செய்தது. அதற்குப் பல வருடம் கழித்தும் நாட்டில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிவானதைப் பார்த்து உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. பழைய பிரதிகளை வைத்து வேலை செய்தால் அப்படித்தான் ஆகும். பிரிவை இந்தியன் கானூனில் திறந்து, அதைப் பேசும் புதிய தீர்ப்புகளில் இரண்டையாவது மேலோட்டமாகப் பாருங்கள்.

மவன் சவுதில ஹவுஸ் டிரைவரா இருக்கான். அந்த நாட்டுச் சட்டம் எடுக்க முடியுமா?

மேலப்பாளையம், கடையநல்லூர்க்காரர்கள் மாதம் ஒருவராவது இதைக் கேட்பார்கள். சவுதிச் சட்டங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அங்கே அமைச்சரவையின் நிபுணர் குழுத் தளத்தில் இருக்கிறது. செல்லுபடியாவது அரபு மூல வாசகம்தான். பல நாட்டுத் தொழிலாளர் சட்டங்களை ஒரே இடத்தில் தேட, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 'நாட்லெக்ஸ்' தளம் உதவும்.

ஆனால் உங்கள் மகனுக்குத் தொழிலாளர் சட்டத்தைப் பிரிண்ட் எடுத்துப் பயனில்லை. சவுதித் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்காரர்களை வெளியே விட்டுவிடுகிறது. வீட்டு டிரைவரும் அதில் அடக்கம். அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு, அதைத்தான் தேட வேண்டும். அமீரகத்திலும் அப்படியே. அங்கே 2022 பிப்ரவரி 2-இல் புதிய தொழிலாளர் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. யாராவது 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தை அனுப்பினால் அது பழசு. இலங்கைச் சட்டம் வேண்டுமானால் கதை எளிது. அங்கே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடுகிறார்கள்.

இதெல்லாம் எதுக்கு? செல்லுல ஏஐகிட்ட கேட்டா டக்குனு சொல்லிருதே!

சொல்லிவிடும். இல்லாத பிரிவையும் அதே தோரணையில் சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் வக்கீல்களே அது புனைந்து கொடுத்த தீர்ப்புகளைக் கோர்ட்டில் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். எந்தச் சட்டத்தில் தேடலாம் என்று கேட்டுக்கொள்ள அது பரவாயில்லை. பிரிவின் வாசகத்தை மேலே சொன்ன தளங்களில் நீங்களே திறந்து பாருங்கள்.

ஒங்க கடை பிரிண்ட்ட கோர்ட்டுல ஏத்துக்கிடுவாவளா?

சட்டம் என்பது நீங்கள் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய ஆவணம் அல்ல. நாட்டில் நடப்பில் உள்ள சட்டங்களை நீதிமன்றமே அறிந்துகொள்ளும் என்று சாக்ஷ்ய அதினியம் 52-ஆவது பிரிவு சொல்கிறது. வாசிக்க வசதியாக ஒரு தாள் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். விதி, அறிவிக்கை என்றால் அரசிதழ்ப் பக்கத்தையே எடுத்துப் போவது நல்லது. தாளின் மூலையில் எந்தத் தளத்தில் எந்த நாளில் எடுத்தது என்று பேனாவால் எழுதிவிடுங்கள். நான் கொடுக்கும் எல்லாப் பிரிண்ட்டிலும் எழுதித்தான் கொடுக்கிறேன்.

நாலு சட்டத்தச் சேத்து பொஸ்தகமா அடிச்சு வித்தா கேஸ் வருமா?

வெறும் சட்டத்தை மட்டும் அடித்தால் பிரச்சினை வரலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(கியூ) சட்டங்களை வெளியிட அனுமதிக்கிறது, ஆனால் கூடவே விளக்கமோ உங்கள் சொந்தச் சரக்கு ஏதாவதோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. தீர்ப்புகளுக்கு அந்த நிபந்தனை இல்லை, கோர்ட் தடுத்திருந்தால் மட்டும் கூடாது. அடுத்த உட்பிரிவு மொழிபெயர்ப்பைப் பற்றியது. அரசு தமிழாக்கம் வெளியிடாத சட்டத்தை நீங்கள் தமிழாக்கிப் போடலாம். ஆனால் இது அரசு ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பு அல்ல என்று பளிச்சென்று தெரியும்படி அச்சிட வேண்டும். இதைக் கேட்ட வாத்தியார் போக்சோ சட்டத்துக்கு விளக்கம் எழுத ஆரம்பித்திருக்கிறார், முதல் முப்பது பக்கம் என் கடையில்தான் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.